உடைந்த ஊசி

எனக்கும் என் தம்பி பெண்டாட்டி ஜெயந்தினிக்கும் ஆகாது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எந் தம்பிக்கு ஊருல பொண்ணே கெடைக்கலையா, கொஸ்லந்தையில போயி இந்த வாயாடியப் புடிச்சிருக்கான்" என்று சொன்னேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன், விழுந்தது. அன்றிலிருந்து ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்து வீட்டு வரிசையில் நான், கீழ் லயத்தில் அவள். குழாயடியில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க வேண்டும். எங்களில் பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வது அப்பாவோடு பிறந்த அத்தைதான். அவனுக்கு இருக்கிற ஒரே அத்தை நான். அவளோ தன் தங்கச்சியைச் சொல்ல வைக்கப் போவதாக லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய உரிமையை யார் தூக்கிக் கொடுப்பது?

தம்பி விஜேந்திரன்தான் வந்து சொன்னான். "அக்கா, நீதான் பேர் சொல்லணும். அவகிட்டப் பேசிட்டேன். அன்னைக்கு ஒரு நாளாச்சும் வாயை அடக்கிக்க. ஏதாச்சும் ஆச்சுன்னா அதுக்கப்புறம் எனக்கு ஒன்னும் பேச ஏலாது."

வெறுங்கையோடு போவேனா? பதுளையில் கார்மெண்ட் ஃபேக்டரியில் பதினோரு வருடமாகத் தையல் மெஷினில் இருக்கிறவள் நான். எச்சில் வடிந்தால் தாங்க, கழுத்தில் கட்டும் பிப் ஒன்று தைக்க முடிவு செய்தேன். கடையில் தொங்குகிற சப்பை பிப் இல்லை. ஜெயந்தினி பார்த்து வயிறெரிய வேண்டும், அப்படி ஒன்று.

நஸீர் நானா கடையில் வெள்ளைப் பருத்தியும் பஞ்சு ஷீட்டும் வாங்கினேன். மேல் துணியில் நீல நூலால் ஒரு யானைக்குட்டி போட்டேன். தும்பிக்கைக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை மேல் துணி, நடுவில் பஞ்சு, அடியில் பழைய சேலைத் துணி என்று அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக மெஷினில் ஓட்டினேன். கழுத்து ஓரத்தில் துணி தடித்த இடத்தில் ஊசி டக்கென்று உடைந்தது.

கார்மெண்டில் ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, தாளில் ஒட்டி, பெயர் எழுதிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த உடுப்பை வெளியே விட மாட்டார்கள். ஆனால் இது என் வீடு. இங்கே யார் கேட்கப் போகிறார்கள்? சனியனே என்று திட்டிவிட்டு, கிடைத்த இரண்டு துண்டைத் தீப்பெட்டியில் போட்டேன். புது ஊசி மாட்டி வேலையை முடித்தேன். அவளை வயிறெரிய வைக்கிற அவசரத்தில் என் தொழிலை மறந்தேன். புத்தியில்லாதவள்!

பெயர் வைக்கிற அன்று காலையில் பிப்பைக் கொடுத்தேன். ஜெயந்தினி யானையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் வேண்டாவெறுப்பாக. அவளே பிள்ளையின் கழுத்தில் கட்டியும் விட்டாள்.

பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். என்ன லேசு! யதுர்ஷன் என்று பெயர். காதருகே குனிந்தேன். பிப்பின் ஓரம் மடங்கியிருந்தது. அதை நீவிவிட்டேன்.

சுருக்கென்றது.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. விரல் நுனியில் இரத்தப் பொட்டு. அதே ஓரத்தை நோக்கிப் பிள்ளை நாடியைத் திருப்பிக்கொண்டிருந்தான். மூன்று தடவை பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிவிட்டு மெதுவாகக் கழற்றியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆசையும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கை அதற்குள் முடிச்சைப் பிடித்து அறுத்துவிட்டது. பிள்ளை வீரிட்டான்.

"ஐயோ, எம் புள்ளைய என்னா செய்ற!" ஜெயந்தினி பிள்ளையைப் பறித்துக்கொண்டாள்.

"ஊசி ஒடைஞ்சு உள்ள இருக்கு. நான் பாக்காம விட்டுட்டேன்," என்றேன். தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து முனையை எடுத்துக் காட்டினேன். அரிசிக் குறுநொய் அளவுதான் இருந்தது.

காட்டாமல் இருந்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா? ஊசி வச்சுத் தைச்சிருக்கா! செய்வினை செஞ்சு எம் புள்ள கழுத்துல கட்டியிருக்கா!"

"அடியே, வச்சவ எடுத்துக் காட்டுவாளா?"

"புள்ள செத்தா மாட்டிக்குவோம்னு பயந்து எடுத்த!"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கீழே கிடந்த பிப்பைப் பார்த்தான். "போயிரு அக்கா," என்றான். "இனி இந்தப் பக்கம் வராத."

வாசலைத் தாண்டும்போது பின்னால் அவள் தங்கச்சியின் குரல் கேட்டது. யதுர்ஷன், யதுர்ஷன், யதுர்ஷன்.

வீட்டுக்கு வந்து தீப்பெட்டியைத் திறந்து மூன்று துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஊசி முழுசாக இருந்தது. கலண்டர் தாளைக் கிழித்து அதில் டேப் போட்டு ஒட்டினேன். கீழே, கார்மெண்டில் எழுதுகிற மாதிரியே, ஜீவராணி என்று என் பெயரை எழுதினேன்.

வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.