சக்களத்தி ஒரு மஞ்சள் கட்டடம்

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். ஆண்பிள்ளைக்கு ஏதடா சக்களத்தி என்று கேட்பீர்கள். கல்யாணமாகும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சக்களத்திக்கு மூன்று மாடி, மஞ்சள் சுவர், பச்சை இரும்புக் கேட்டு. என் மனைவி படித்த பெண்கள் பள்ளிக்கூடம்.

மழலை வகுப்பில் உள்ளே போனால் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்கிற மாதிரியான பள்ளி அது. நடுவில் யாரும் சேர முடியாது, நடுவில் யாரும் போவதும் இல்லை. அப்படி ஒன்றாகப் போய் ஒன்றாக வெளியே வந்தவர்கள், என் மனைவியைச் சேர்த்து ஐந்து பேர். ஒருத்தி டமாரம். மெதுவாகப் பேசச் சொன்னால் பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குறைத்துக்கொள்வாள். ஒருத்தி கொக்கு, ஒருத்தி ஊசி. இன்னொருத்தி பல் டாக்டர், பட்டப்பெயர் லேட்டு. அவளிடம் போனால் காத்திருக்கிற நேரத்தில் பல்வலி தானாகவே அலுத்துப்போய் நின்றுவிடும்.

என் மனைவிக்கு அங்கே பெயர் வாலு. எனக்கு வயிறு எரிவது இங்கேதான் ஆரம்பம். நான் கல்யாணம் செய்துகொண்டது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிற, மாத்திரையைக்கூடச் சத்தம் வராமல் எண்ணுகிற ஒரு அமைதியான பெண்ணை. அந்த வாலை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. அந்த நால்வரும் வந்தால் மட்டும் அது எங்கிருந்தோ முளைக்கும். ஒருத்தி "பெயிண்ட் டப்பா" என்பாள். ஐந்து பேரும் சோபாவில் சரிந்து சரிந்து சிரிப்பார்கள். நான் டீத் தட்டோடு நின்று என்ன விஷயம் என்று கேட்டால், "அது ஒண்ணுமில்லண்ணா, ஏழாம் வகுப்புல நடந்தது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஏழாம் வகுப்பில் நான் அங்கே இல்லாமல் போனது என் தப்பா?

நான் அப்பாவாகப் போகிறேன் என்பதை எனக்கு முதலில் சொன்னதே டமாரம்தான். என் கடையைப் பூட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அண்ணா வந்துட்டாரா? வாழ்த்துகள்ணா" என்று சுவர் அதிர்ந்தது. என் மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் சந்தோஷப்பட்டேன், அதில் குறைவில்லை. ஆனால் சந்தோஷத்தில் ஆறாவது ஆளாக.

அதனால்தான் மகள் பிறந்ததும் இவளாவது என் கட்சி என்று முடிவு செய்தேன். அதற்கு வசதியும் அமைந்தது. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மனைவி வேலை முடிந்து வர இருட்டிவிடும். விளையாட்டுப் பள்ளி விட்டதும் குட்டி நேராக என் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கிற உயரமான நாற்காலியில் ஏறிக்கொள்வாள். யார் அழுதார்கள், யார் யாரைக் கிள்ளினார்கள், மிஸ் எந்தக் கலர் செருப்பு போட்டிருந்தார்கள் என்று எல்லாச் செய்தியும் சுடச்சுட எனக்குத்தான் வரும். வாடிக்கையாளர்களிடம் நான் லென்ஸை மாற்றி மாற்றி "இது நல்லா தெரியுதா, இது நல்லா தெரியுதா" என்று கேட்பதைப் பார்த்து, அவளும் இரண்டு விரலை வளையமாக்கி என் கண்ணில் வைத்து "இதுவா, அதுவா?" என்பாள். எதைச் சொன்னாலும் "தப்பு" என்பாள். அதுதான் எங்கள் விளையாட்டு.

எனக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. கோணலாக இருக்கிற கண்ணாடியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கண்ணாடிகூட எனக்கு உறுத்தும். சட்டைப்பையில் குட்டி ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வெளியே போனால் அரை நிர்வாணமாக இருப்பதுபோல் இருக்கும்.

குட்டிக்கு நாலரை வயதானதும் மனைவி பேச்சை எடுத்தாள். மஞ்சள் பள்ளியில் இந்த வருடம் விட்டால் விட்டதுதான், மழலை வகுப்புக்கு மட்டும்தான் ஆள் எடுப்பார்கள் என்றாள். டமாரமும் தன் பெண்ணை அங்கேதான் சேர்க்கப் போகிறாளாம்.

நான் தயாராக இருந்தேன். என் கடைக்குப் பின்தெருவிலேயே ஒரு பள்ளி இருக்கிறது, பையன்களும் பெண்களும் சேர்ந்து படிப்பது. இடைவேளையில் அவள் கையாட்டினால் என் கடைப் பின்ஜன்னலில் தெரியும். இந்த ஜன்னல் விஷயத்தை நான் சொல்லவில்லை. பதிலாக, சமூகம், சமத்துவம், எதிர்காலம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்து வைத்தேன். "ஆம்பளப் பசங்களோட பழகினாத்தான் நாளைக்குத் தைரியமா இருப்பா" என்று முடித்தேன்.

"நான் பழகல. உங்களைச் சமாளிக்கலையா?" என்றாள்.

பின்தெருப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைதானே, அப்புறம் வேறு பள்ளி தேட வேண்டுமே என்றும் கேட்டாள். நான் நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மனநிலையில் இல்லை.

மேல்மட்டத்தில் தோற்றதால் அடிமட்டத்தில் வேலை பார்க்கலாம் என்று குட்டியிடம் போனேன். அம்மா சொல்கிற பள்ளியில் பையன்களே கிடையாது, உன் கூட விளையாடுகிற குண்டு அங்கே வரமாட்டான் என்று வருத்தமாகச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அவன் கடிக்கிறான்ப்பா" என்றாள். அதோடு என் பிரசாரம் முடிந்தது.

பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கிற நாள் வந்தது. கேட்டைத் தாண்டியதும் என் மனைவியின் நடை மாறியது. கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஒரு தூணருகே நின்று குட்டியிடம் குனிந்து ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, பெயிண்ட் டப்பா" என்றாள். ஆகா, ஆரம்பமாகிவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகிற வழியில் அந்தப் பள்ளியின் வழக்கம் ஒன்றையும் விளக்கினாள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடைசி வகுப்பிலிருந்து ஒரு பெண்ணைக் கொடுப்பார்களாம். 'கைப்பிடி அக்கா' என்று பெயர். முதல் நாள் அந்த அக்காதான் கேட்டிலிருந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள். அம்மா, அப்பா யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. என் மனைவியின் கைப்பிடி அக்கா இன்றைக்கும் பிறந்தநாளுக்குப் போன் செய்கிறாள். யாரோ சித்தி என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது அவளைத்தான்.

என் திட்டம் சுலபமானது. வகுப்பறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜன்னல் வெயில் நேராகக் கரும்பலகையில் விழுந்தது. இடப்பக்க வரிசைப் பிள்ளைகளுக்குக் கண் கூசும். இதைப் பிடித்துக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் குறுக்குக் கேள்வியாகக் கேட்டுக் குடைந்து, இந்த ஆள் நமக்கு வேண்டாம் என்று அவர்களே சொல்லும்படி செய்துவிடுவது. பழி பள்ளி மேல், மகள் என் கடையில்.

அவர் அறையில் போய் உட்கார்ந்தோம். தலைமை ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோனது. அவர் கண்ணாடி இடப்பக்கம் தூக்கியிருந்தது. ஒரு மூக்குத்தாங்கி தளர்ந்து தொங்கியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் விரலால் மேலே தள்ளினார், அது ஒவ்வொரு முறையும் கீழே வந்தது. குட்டியின் பெயரைக் கேட்டார். தள்ளினார். வயதைக் கேட்டார். தள்ளினார். என் பக்கம் திரும்பி, இந்தப் பள்ளியிடம் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

என் கை மேஜையைத் தாண்டிப் போய் அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அனுப்பவில்லை. அதுவாகப் போனது. அவர் மூடுபனியைப் பார்ப்பதுபோல் என் திசையில் பார்த்தார். கழற்றியதைச் சரிசெய்யாமல் திருப்பிக் கொடுப்பது இன்னும் அசிங்கம் என்று தோன்றியதால், "ஒரு நிமிஷம் மிஸ், காதுப் பக்கம் தூக்கியிருக்கு" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மேஜைக்கு அடியில் என் மனைவியின் குதிகால் என் கால் பெருவிரலைத் தேடிக் கண்டுபிடித்தது. நான் வலியோடு வேலையை முடித்து, இரண்டு கையாலும் மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் லேசாக அழுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். நேராக இருந்தது.

தலைமை ஆசிரியை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குட்டியிடம், "உங்கப்பா எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"பஸ்லகூட" என்றாள் குட்டி.

மனைவி வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான், "வேணும்னே பண்ணீங்க" என்றாள்.

இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம், உண்மையும் அதுதான். என் வாயில் சனி. "அது வேணும்னு பண்ணல. வேணும்னு பண்ண நெனச்சது வேற" என்றேன்.

அவள் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். அந்தப் பார்வையில், வெயில், கரும்பலகை என்று என் திட்டம் முழுவதும் வாயிலிருந்து கொட்டிவிட்டது. அதோடு நிற்கவில்லை. "அவளும் அங்க போனா உங்க கூட்டத்துல ஆறாவது ஆளாயிடுவா. ஏதோ சொல்லிச் சிரிப்பீங்க. என்னன்னு நான் கேட்டா, ஒண்ணுமில்லப்பான்னு அவளும் சொல்லுவா. ஏற்கெனவே நீ பாதிதான் என்கிட்ட இருக்க. இவளாவது முழுசா இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு மட்டுந்தான் வயிறு எரியுமா?" என்றாள். "தினமும் வந்து அவகிட்ட, இன்னைக்கு என்னடா நடந்ததுன்னு கேக்கறேன். 'அப்பாகிட்ட சொல்லிட்டேனே'ங்கறா. ரெண்டாவது தடவை சொல்ல அவளுக்குச் சோம்பல். எனக்கு வர்றதெல்லாம் ஆறிப்போன மிச்சம். ரெண்டு பேரும் விரலைக் கண்ணுல வச்சுக்கிட்டு என்னமோ விளையாடறீங்க. அது என்ன விளையாட்டுன்னுகூட எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அவளுக்கும் ஒரு கடை இருக்கு. எனக்கும் அவளுக்கும் ஒரு இடம் வேணாமா? எனக்குத் தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான்."

நான் வருடக்கணக்காகப் பொறாமைப்படுவதையே முழுநேர உத்தியோகமாகச் செய்துவந்தவன். அதே வீட்டில், அதே தொழிலை, சத்தமே இல்லாமல் இன்னொருத்தி செய்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் மஞ்சள் கட்டடத்துக்குப் போனேன். நான் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்காதீர்கள், அவள் அம்மா இங்கே படித்தவள் என்று கெஞ்சுவதாகத் திட்டம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சக்களத்தி வாசலில் போய், என் பெண்ணை எடுத்துக்கொள் என்று நிற்கிறவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தலைமை ஆசிரியை முழுவதும் கேட்டார். கண்ணாடி நேராக நின்றது, தள்ளவில்லை.

"நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே உங்க பொண்ணை எடுத்தாச்சு சார். தூண்கிட்ட நின்னு அம்மாவும் பொண்ணும் சிரிச்சதை ஜன்னல்லருந்து பார்த்தேன். எனக்கு அது போதும். உங்களை நான் சரியாப் பார்க்கக்கூட இல்ல. பார்க்கலாம்னு நிமிர்ந்தேன், கண்ணாடியைக் கழட்டிட்டீங்க."

ஆக, என் சூழ்ச்சியும் கணக்கில் இல்லை, என் கெஞ்சலும் கணக்கில் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். இதையாவது என் மனைவிக்கு நான் முதலில் சொல்ல வேண்டும் என்று போன் செய்தேன். "தெரியும், டமாரம் நோட்டீஸ் போர்டைப் பார்த்துட்டு இப்பதான் சொன்னா. உங்களையும் அங்க பார்த்தாளாம்" என்றாள். அப்புறம், "நீங்க எதுக்குங்க அங்க போனீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் குரல் இளகியது போனிலேயே தெரிந்தது.

அன்று மாலை அவள் மருந்தகத்தில் நேரத்தை மாற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். குட்டி அவளை அந்த உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, விரலை வளையமாக்கி, "இதுவா, அதுவா?" என்றாள். மனைவி ரொம்ப யோசித்து, "இது" என்றாள். "தப்பு" என்றாள் குட்டி. என் விளையாட்டில் பங்கு போனது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்த அன்று கேட்டுக்கு வெளியே ஒரே கூட்டம். டமாரம் எல்லோருக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள். உள்ளிருந்து பெரிய பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு குழந்தையாகக் கூட்டிப்போனார்கள். குட்டிக்கு வாய்த்தவள் ஒல்லியாக, இரட்டைச் சடையோடு இருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. என் கை துறுதுறுத்தது. நடுவில் இரும்புக் கம்பி. மனைவி பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

குட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட. தூண் வரைக்கும் போனதும் நின்றாள். அந்த அக்காவைக் குனியச் சொல்லிக் கையை இழுத்தாள். அவள் ஏதோ ரகசியம் என்று நினைத்துக் குனிந்தாள். குட்டி இரண்டு கையாலும் அவள் கண்ணாடியைப் பிடித்து, மெல்ல நிமிர்த்தி, காதுக்குப் பின்னால் அழுத்தி, இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். மறுபடியும் கையைக் கொடுத்தாள். இருவரும் உள்ளே போனார்கள்.

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாள் அவள் காத்திருந்த இடத்தில், அவள் தூணுக்குப் பக்கத்திலேயே, என் கடை போய் இறங்கிவிட்டது.

"வந்ததும் என்கிட்டதான் முதல்ல சொல்லணும்" என்றாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல்.

அவள் முகத்தில் பொறாமை பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்றைக்குப் பள்ளி விட்டதும் நீயே கூட்டிக்கொண்டு போ, நான் கடையில் இருக்கிறேன் என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். பாதி வழி போனதும், ஏன் சொன்னோம் என்று இருந்தது.