கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம்

காலை ஒன்பது மணிக்கு, செக்காலை வீட்டு வாசலில் நின்று ஜெய்னுலாபுதீன் அறிவித்துவிட்டார்: நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். சுமையாவை அவர் கேட்கவே இல்லை. விடியலில் இறந்துபோனது அவளுடைய அம்மா, அவருக்கு அக்கா.

"மாமா, நபீஸா வந்துக்கிட்டு இருக்கா," என்றாள் சுமையா. தங்கை கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். செய்தி கேட்டதும் கிடைத்த விமானத்தைப் பிடித்துவிட்டாள்.

"கணக்குப் போட்டுத்தாம்மா சொல்றேன். அங்க பதினொன்றரைக்குக் கெளம்புது. நாலு மணி நேரம் பறக்கணும், மூணரை. நேர வித்தியாசம் ஒன்றரையக் கூட்டு, அஞ்சு. திருச்சியிலேருந்து இங்குட்டு வர ஏழரை, எட்டு ஆயிரும். எங்கக்கா மையத்த அதுவரைக்கும் வைக்கலாமா?"

ஒன்றரை எங்கிருந்து வந்தது என்று சுமையாவுக்குப் புரிந்தது. அவர் மகன் முஜிபுர் ரகுமான் துபாயில் இருக்கிறான். பத்து வருடமாக ஒன்றரையைக் கூட்டியே அவருக்குப் பழக்கம்.

"அது துபாய்க்கு. அவுகளுக்கு நமக்கப்புறந்தான் விடியும். மலேசியாவுல நமக்கு முன்னாடியே விடிஞ்சிரும். ரெண்டரையக் கழிக்கணும் மாமா. ஒரு மணிக்கு எறங்கி மூணரைக்கு வீட்டுக்கு வந்துருவா. அசர் தொழுகை நாலே முக்காலுக்குத்தானே."

"எனக்கே பிளைட் கணக்கா?"

நபீஸாவை அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்த கார் டிரைவர் செல்வம் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான். "அக்கா சொல்றது சரிதான் பாய். வாரத்துக்கு ரெண்டு தடவ அந்த பிளைட்டுக்கு நிக்கிறேன். உங்க கணக்குக்குப் போனா ஏர்போர்ட்ட பூட்டியிருப்பாங்க."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜெய்னுலாபுதீனின் முகம் இறுகியது.

"சரி, ஒரு மணின்னே வச்சுக்க. பொம்பளப்புள்ள. அடக்கம் பண்ண மையவாடிக்கு வரப்போறாளா, சந்தூக்குப் பெட்டியத் தூக்கப்போறாளா? எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்?"

ஆக, கணக்கு வெறும் சாக்கு. சுமையா விடவில்லை. "மாமி மௌத்தானப்ப முஜிபுருக்காக மறுநாள் வரைக்கும் பிரீசர் பெட்டியில வச்சிருந்தீகளே."

"அவன் ஆம்பள. தாயத் தூக்க வந்தான்."

சுமையா சட்டென்று திரும்பினாள். உள்ளே போனாள். அறையில் உடலைப் போர்த்தும் கஃபன் துணி, கற்பூரம், வெதுவெதுப்பான தண்ணீர் எல்லாம் தயாராக இருந்தன. மையத்தைக் குளிப்பாட்டுவதில் பழகிய ஜுலைகா பெரியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, அம்மாவக் குளிப்பாட்ட ரெண்டு மக இருக்கோம். ஒருத்தி வந்துக்கிட்டு இருக்கா. மூணரைக்குத்தான் தண்ணி ஊத்தணும்."

பெரியம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முந்தானையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். "குளிப்பாட்டாம தொழவச்சு அடக்கிர முடியாது. ஆம்பளைக உள்ள வந்து குளிப்பாட்டவும் முடியாது. போயி ஒங்க மாமாகிட்டச் சொல்லு."

சுமையா போகவில்லை. வாசலுக்கு மறைவாக நின்று பெரியம்மாவே சொன்னார். வெளியே வெகுநேரம் முனகல் கேட்டது. லுஹர் பாங்கு ஒலித்து முடிந்தது. ஒன்றேகால் மணிக்குப் போனில் நபீஸாவின் குரல்: "எறங்கிட்டேன். அம்மா இருக்காகளா?"

"இருக்காக. வா."

மூன்று முப்பத்தைந்துக்கு நபீஸா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, அம்மாவின் கன்னத்தில் கன்னம் வைத்தாள். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, சுமையா தண்ணீர்க் குவளையை அவள் கையில் கொடுத்தாள்.

வெளியே ஜெய்னுலாபுதீன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "புள்ள மலேசியாவுலேருந்து வருதுல்ல, மூஞ்சியப் பாக்க வேணாமா? அதான் நானே அசருக்குத் தள்ளி வச்சேன்."

நபீஸா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"நீ ஊத்து," என்றாள் சுமையா. "அவருகிட்ட நாளைக்குப் பேசிக்கிறேன்."