இடுப்புக்கு அரை அங்குலம்

எனக்குப் போர்க்கப்பல் என்றாலே ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி உண்டென்றால் அது அந்த மூலையறைதான். சுவர் முழுக்கக் கப்பல் படம், மேசை முழுக்கக் கப்பல் படம், கட்டிலுக்கு அடியிலும் சுருட்டி வைத்த கப்பல் படம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். பகலெல்லாம் லிஃப்ட் ஏறி இறங்கும் குழியை வரைவார். சாயங்காலம் வந்து முகம் கழுவினால் போதும், கடலில் இறங்கிவிடுவார். இத்தனைக்கும் மனிதர் நிஜக் கடலில் கால்கூட நனைத்ததில்லை.

நான் தையல்காரி. முன்னறையில் என் மிஷின், மூலையறையில் அவர் கப்பல். கூட்டுவதற்குத் தவிர அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. கூட்டும்போதும் வாய் சும்மா இருக்காது.

போன மழைக்காலத்தில் அவர் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் விழுந்தது. ஓரமெல்லாம் தெரிகிறது, நேராகப் பார்ப்பதுதான் தெரியவில்லை. கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம், போனது வராது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார். "உன் தலைமுடி தெரியுது, தோடு தெரியுது, முகம்தான் தெரியல. நீ கோவமா இருக்கியான்னு இனிமே எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"அதுக்குக் கண்ணு எதுக்கு? காது போதும்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எங்கள் ஊரில் மாதிரிக் கப்பல் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார். எல்லோருக்கும் அவர் தளபதி. அந்தச் சங்கம் இந்த வருஷம் ஒரு போட்டி வைத்தது. உறுப்பினர்கள் கற்பனையில் வரைந்த போர்க்கப்பல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லோருமாகச் சேர்ந்து ஆள் நீளத்துக்கு மரத்தில் கட்டுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. நிஜமாகவே கடலில் ஓடிய கப்பல்களோடு ஒப்பிட்டு, நம் கப்பலுக்கும் நம்பும்படியான உடம்புதான் என்று ஒரு பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஓர் எண் வருமாம். எண் பெரிதானால் கப்பல் ஒல்லி, வேகம்; சிறிதானால் குண்டு, மந்தம் என்று சொல்லிவிடுவார்களாம்.

இவரிடமும் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தாளில் வரைந்தது. ஓரத்தில் 'வேகம் முப்பது நாட்' என்று எழுதியிருந்தார். நாட் என்பது கடலில் வேகத்துக்கான கணக்கு.

"கொஞ்சமாவது வெளிச்சம் மிச்சமிருக்கறப்பவே அது நிக்கறதப் பாத்துடணும்" என்றார். "ஆனா அளக்க எனக்குக் கண்ணு இல்ல. நீ அளந்து சொல்றியா?"

இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு மூலையறைக்குள் போய் உட்கார்ந்தேன். இரும்பு ஸ்கேலை நீட்டினார். "அதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல" என்று ஒதுக்கிவிட்டேன்.

முதல் படம் யமாட்டோ. ஜப்பான்காரர்கள் கட்டியது, அதைவிடப் பெரிய போர்க்கப்பல் கிடையாது என்றார். நாடாவை விரித்தேன்.

"நீளம் இருபத்தேழு அங்குலம். அகலம் நாலரை."

அவர் கை தாடையில் நின்றது. "நாலரையா?"

"ஏன், நம்பிக்கை இல்லையா? அப்போ வேற ஆளப் பாத்துக்கோங்க." பாதி எழுந்தும்விட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது தெருவுக்கே தெரியும்.

"ஐயையோ, இல்ல இல்ல. நாலரைதான். உட்காரு மேடம்." மனக்கணக்காக வகுத்தார். "ஆறு. எழுதிக்கோ."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதுவே வேலை. நான் அளப்பேன், அவர் வகுப்பார், நான் பலகையில் எழுதுவேன். நிஜக் கப்பல்கள் ஒரு வரிசை, படக்கதையிலும் கணினி விளையாட்டிலும் வருகிற பொய்க் கப்பல்கள் ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கதை வைத்திருந்தார். பீரங்கியின் உதை தாங்க அகலம் வேண்டும், ஓடுவதற்கு நீளம் வேண்டும், இரண்டையும் கேட்டால் காசு கேட்கும் என்பார். பொய்க் கப்பல்காரர்கள் அழகுக்காக ஊசி மாதிரி வரைந்துவிடுகிறார்கள், ஒரு பக்கத்துப் பீரங்கியெல்லாம் சேர்ந்து வெடித்தால் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்று சிரிப்பார். தைக்க வந்த துணி மிஷின்மேல் காத்துக் கிடக்கும். நான் உட்கார்ந்திருப்பேன். பிடித்திருந்தது, வேறென்ன சொல்ல?

கடைசியாக அவர் கப்பலை அளந்தேன். சின்னத் தாள். நீளம் பதினாலு, அகலம் இரண்டரை.

"அஞ்சரை சொச்சம்" என்றார் மெதுவாக.

ஒல்லியானதுதான் ஓடும் என்பதை அதற்குள் நானும் கற்றுக்கொண்டிருந்தேன். மனசு கேட்கவில்லை. "போகட்டும் விடுங்க. கொஞ்சம் பூசினாப்புல இருந்தா என்ன? நானும்தான் இருக்கேன், நீங்க கட்டிக்கலையா?"

அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து மண்டபத்தில் பலகைகளை வைத்தார்கள். படங்களையும் பக்கத்திலேயே விரித்து வைத்தோம். தளபதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். எங்கள் பலகைக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னப்பா இது? உன் கப்பல் மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டுப் படுத்த மாதிரி இருக்கு. இது எங்க முப்பது நாட் ஓடுறது?" கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. தளபதி விடவில்லை. "அது கிடக்கட்டும், யமாட்டோ எப்படிய்யா ஆறு வரும்? உனக்குத் தெரியாததா?"

தன் சட்டைப்பையிலிருந்த ஸ்கேலை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். "நாலு. சரியா நாலு அங்குலம். நீ நாலரைன்னு போட்டிருக்க."

அடுத்த படத்தில் வைத்தார். அதிலும் அரை அங்குலம் கூடுதல். அதற்கடுத்ததிலும் அதே அரை அங்குலம்.

"என் தப்புதான். கண்ணு சரியில்லல்ல, தப்பா அளந்துட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அரை அங்குலம்! இடுப்பளவு எடுத்தால் அரை அங்குலம் கூட்டித்தான் நான் எழுதுவேன். வெறும் வயிற்றோடு வந்து அளவு கொடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டு வந்து சண்டை போடுவார்கள். அதனால் கையே தானாகக் கூட்டிவிடும். நீளத்தில் கை வைக்கமாட்டேன், அது ஊதுவதில்லை. ஊரில் உள்ள போர்க்கப்பலுக்கெல்லாம் இடுப்பில் தளர்வு விட்டிருக்கிறேன்!

"நீங்க அளந்தீங்களா?" மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "தட்டுல இருக்கறது சோறா சட்னியான்னு என்னைக் கேக்கற ஆளு, நீங்க அளந்தீங்களா? நான்தாங்க அளந்தேன். எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேன்." பிறகுதான் உறைத்தது. "இருங்க. யமாட்டோ எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஆறே முக்கால்" என்றார். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"அப்போ முதல் நாளே தெரியும்."

"தெரியும்."

"ஏங்க சொல்லல? உங்க கப்பல் போயிடுமேன்னு தோணலையா?"

முகம் இருக்கும் இடத்தைத் தேடி அவர் என் பக்கம் திரும்பினார். "சொன்னா நீ எழுந்து போயிருப்ப. இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் அந்த ரூம்ல உட்கார்ந்த."

நான் அங்கேயே, அத்தனை பேர் நடுவில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு பையிலிருந்து நாடாவை எடுத்து அவர் கப்பலின்மேல் இறுக்கிப் பிடித்தேன். இந்தத் தடவை ஒரு நூல்கூட விடவில்லை.

"நீளம் பதினாலு. அகலம் ரெண்டு."

"ஏழு!" தளபதி மேசையைத் தட்டினார். "அப்படிச் சொல்லு. முப்பது நாட்டுக்குக் குறைவில்லாத உடம்பு. இதையே கட்டலாம்ப்பா, என்ன சொல்றீங்க?" எல்லோரும் சரியென்றார்கள். எனக்கு உயிர் வந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் என் வீட்டுக்காரர். "அகலம் ரெண்டரைன்னு வெச்சே கட்டுங்க."

"யோவ், உனக்கென்ன பைத்தியமா?" என்றார் தளபதி. "அஞ்சரை சொச்சத்துக்கு முப்பது நாட் எப்படி வரும்?"

"வேண்டாம், பதினெட்டு போதும். டிரெட்நாட்னு புது மாதிரிப் போர்க்கப்பல் ஒண்ணு வந்துச்சே, அதுக்கு முந்தின கப்பலெல்லாம் இந்த உடம்புதான், அந்த வேகந்தான். அதுங்க ஓடலையா? பக்கத்துல வெச்சுப் பாருங்க, நம்பற மாதிரிதான் இருக்கும்."

தளபதி தலையை ஆட்டினார். கணக்கு அவருக்கும் தெரியும்.

நான்தான் விடவில்லை. "என் தப்பை எதுக்குங்க மரத்துல செதுக்கி வெக்கணும்? ஒழுங்கா ரெண்டுன்னு சொல்லுங்க."

"அவங்க கட்டி முடிக்கறதுக்குள்ள எனக்கு எல்லாமே மங்கிடலாம். கையால தடவித்தான் பாப்பேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்போ நீ அளந்த இடம் எதுன்னு என் கைக்குத் தெரியணும்."

எனக்கு வந்த அழுகையைத் திட்டாக மாற்றப் பார்த்தேன், வரவில்லை. தளபதி, "கப்பல் உன்னோடது, உன் இஷ்டம்ப்பா" என்று சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

யமாட்டோவையும் மற்றவற்றையும் சரியான அளவுக்குத் திருத்தினேன். அவர் கப்பலுக்கு நேராக இருந்த முப்பதை அழித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினேன். இரண்டரையை அப்படியே விட்டுவிட்டேன்.

வீடு திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"இன்னும் அளக்காத கப்பல் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன்.

"நிறைய இருக்கு" என்றார். ஒன்றுகூட இல்லை, எனக்குத் தெரியும்.

"சரி. சாயங்காலம் வரேன்" என்றேன்.