வெள்ளையடித்த ஜெட்டி

பொரித்த ஜானி கேக் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபடியே அல்ரிக் அதைச் சொன்னான். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்ட சமாசாரத்தைப்போலச் சொன்னான்.

"படகுத்துற ஜெட்டியில ஒரு பலகைக்கு ஆணியப் புடுங்கிட்டேன்."

தங்கை இசில்டாவின் கரண்டி எண்ணெய்ச் சட்டிக்கு மேலேயே நின்றது. "எதுக்கு?"

"லண்டன் துரை நிக்கப்போற எடம் அது. கால வச்சாருன்னா இடுப்பளவு தண்ணி. போன தடவ வந்தவரு என்ன செஞ்சாரு? கடல் கண்ணாடி மாதிரி கெடந்துச்சு, 'அழகான துறை'ன்னு எழுதிக் குடுத்துட்டுக் கப்பல் ஏறிட்டாரு. இவரு கால்சட்டையாவது நனையட்டும். அப்பத்தான் புது ஜெட்டிக்குப் பணம் வரும்."

"அடியில பழைய கம்பமெல்லாம் இருக்கே."

"அது தள்ளி இருக்கு இசி. எனக்குத் தெரியாத தண்ணியா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். பெரிய தீவிலிருந்து துரையை ஏற்றிவர வேண்டியது அவன்தான். இந்தத் தீவுக்கு ஒரே பாய்ப்படகு, அதற்கு அவன்தான் கேப்டன்.

புயலில் போன பழைய ஜெட்டியின் கம்பங்கள் உடைந்த பற்களைப்போல இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவிலேயே புதுக் கால் நட்டுப் பலகை அடித்து, அதுவும் பழையதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் இதன்மேல்தான் போகவேண்டும், பிணமாகத் திரும்பினாலும் இதன்மேல்தான் வரவேண்டும். உளுத்த பலகைமீது யாராவது ஒரு பொட்டுத் தார் வைத்துவிடுவார்கள். ரம் குடித்துவிட்டு வருகிறவன்கூடத் தாரைப் பார்த்துத் தாண்டிப் போவான்.

ஆனால் விருந்தாளி வருகிறார் என்றால் இந்த ஊருக்குக் கை சும்மா இருக்காது. மாதா கோயில் படி, வழிநெடுகக் கல், தென்னை மரத்தில் ஆள் உயரத்துக்கு, எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். ஜெட்டிக்கும் அடித்தார்கள். தார்ப்பொட்டு ஒன்று பாக்கியில்லை. புது ஜெட்டிக்குப் பணம் கேட்கிறவர்களே பழையதைப் பளபளவென்று ஆக்கி வைத்தார்கள். அதில் வந்த எரிச்சலில்தான் அல்ரிக் ஆணியைப் பிடுங்கியிருக்கிறான்.

இசில்டா கேக் தட்டோடு கரைக்கு வந்தபோது பாதாம் மரத்தடியில் நிற்க வேண்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே இல்லை. ஜெட்டியின் நுனிப்பக்கம் இரண்டு வரிசையாக நின்றார்கள். கஞ்சி போட்ட வெள்ளைக் கவுனில், முன்வரிசையில் அவள் மகள் மெர்லீன். துரைக்கு மணலில் நாற்காலி போட்டிருந்தது.

"மாஸ்டர், துரை அங்கதானே நிப்பாருன்னாங்க?"

பெரிங்டன் மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எறங்கினதும் காதுல பாட்டு விழணும்னு மாத்திட்டேன். எப்படி இருக்கு?"

"பிள்ளைங்கள மணலுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. பலக உளுத்துக் கெடக்கு."

"உளுத்துக் கெடக்குன்னுதானேம்மா காசு கேக்கறோம். இன்னிக்குத்தான் உனக்குத் தெரிஞ்சுதா?"

"கேக் விக்க மறைக்குதாம் மாஸ்டர்," என்றான் பின்னால் ஒருவன். நாலு பேர் சிரித்தார்கள்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் பெரிய தீவுப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சொன்னால் அல்ரிக் இன்றைக்கே அவர்களோடு போவான். ஜெட்டியை இவர்களே உடைத்தார்கள் என்ற செய்தி லண்டனுக்குப் போகும். அதற்கப்புறம் எந்தக் காலத்தில் பணம் வரும்? வாயை மூடிக்கொண்டாள். தட்டை மணலில் வைத்துவிட்டு ஜெட்டியில் ஏறினாள்.

எந்தப் பலகை என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. வெறுங்காலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாமே முனகின. எல்லாமே வெள்ளை.

"அம்மா, போம்மா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் மெர்லீன். "ஏப்ரன் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற. எல்லாரும் பாக்கறாங்க."

அப்போது முனையைச் சுற்றிக்கொண்டு பாய் தெரிந்தது. பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை, குதித்தார்கள். மெர்லீனின் குதிகாலடியில் ஒரு பலகை அமுங்கி எழுந்தது. சுண்ணாம்பு வெடித்துக் கறுப்பாய் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் வழியே இசில்டா கீழே பார்த்தாள். தள்ளி இருப்பதாக அவன் சொன்ன கம்பம் நேர் கீழே, கூராக நின்றது.

கத்தினால் பிள்ளைகள் மிரண்டு ஒரே பக்கமாக ஓடுவார்கள். திரும்பி நடந்தாள். ஓடவில்லை. கரைப்பக்கம் ஜெட்டி தொடங்கும் இடத்தில், ஒரு கம்பத்தில் சங்கு தொங்கியது. படகில் சவப்பெட்டி வருவதை முதலில் பார்க்கிறவர் எடுத்து ஊதவேண்டிய சங்கு. அதை எடுத்து ஊதினாள். நீளமாக, மூன்று முறை.

அந்தச் சத்தத்துக்கு இந்த ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை. பிணமும் கூட்டமும் சேர்ந்தால் ஜெட்டி தாங்காது என்று மணலுக்கு இறங்கிவிடப் பிறந்ததிலிருந்து பழகின கால்கள். தொப்பிகள் கழன்றன. மாஸ்டரே பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து மணலுக்கு நடத்திக்கொண்டு வந்தார். மெர்லீன் வந்து ஏப்ரனைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு வெட்கமில்லை.

"யாரு? யாரும்மா?"

இசில்டா அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். கூட்டத்தின் நடுவில் டெல்ஃபினா மெதுவாக மணலில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் பெரிய தீவு ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கென்று உப்பு மீன் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"என் வீட்டுக்காரரா?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு ஏன் ஊதினாய் என்பார்கள். இசில்டா சங்கைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

படகு வந்து முட்டியது. அல்ரிக் கயிற்றைக் கையில் பிடித்தபடி கரையைப் பார்த்தான். பாட்டில்லை, ஆளில்லை, தொப்பியில்லாத தலைகள். அவள் கையில் சங்கு. கண்கள் மெர்லீனைத் தேடின, கண்டுபிடித்தன. பிறகு ஜெட்டியில் எதையோ தேடின.

அதற்குள் துரை இறங்கிவிட்டார். நரைத்த மனிதர், நல்ல கனம். ஊர் மொத்தமும் வாய் திறவாமல் நிற்பதைப் பார்த்தார், என்ன புரிந்துகொண்டாரோ, தன் தொப்பியையும் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். தலை குனிந்து, துக்க வீட்டுக்குள் வருகிறவரைப்போல மெல்ல நடந்து வந்தார்.

அல்ரிக்கின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இசில்டா சங்கை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனாள். மூச்சு வரவில்லை.

துரையின் ஈரக் காலணி சுண்ணாம்பில் அழுத்தமாகத் தடம் பதித்துக்கொண்டே வந்தது. அந்தக் காலணிக்கும் கறுப்புக் கோட்டுக்கும் நடுவே இன்னும் நாலைந்து பலகைகள் இருந்தன. எல்லாம் ஒரே வெள்ளை.