திரும்பி வந்த கொய்யாக் கன்றுகள்

மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் கம்பம் நட்டேன். ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே, முளைக்கிற சாமானாக நடுவோம் என்று மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில் நர்சரி போட்டேன். ஏழு வருஷமாகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் சனம் வயலுக்கு ஓடுகிறது. திறக்காவிட்டால் வீட்டுக்குள் முடங்குகிறது. இரண்டிலும் என் பக்கம் வருவதில்லை. இந்தச் சித்திரை முழுக்க எனக்கு வந்த ஒரே வாடிக்கையாளர் ஓர் ஆடு. அதுவும் தின்றுவிட்டுச் சொல்லாமல் போனது.

நர்சரியில் நானும் அம்சமும்தான். நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்; வயலுக்கு நடவு இயந்திரம் வந்ததும் என்னிடம் வந்தார்.

“ஆனியோட மூடிடலாம்னு பார்க்குறேன், அம்சம். ஓஞ்சு போச்சு.”

“மூடுங்க சார். திருப்பூர்ல எம்மவ வீட்டுக்குப் போயி பனியன் மடிக்கிறேன். ஒரே ரூம்ல ஆறு பேரு. ஏழாவது ஆளா நின்னுக்கிட்டே தூங்குறேன்.”

அப்போதுதான் இராஜாங்கம் வந்தார். குத்தகைக்கு நெல் போடுகிறவர். மகள் வானதியின் கல்யாணத்துக்கு, தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு கொய்யாக் கன்று கொடுக்க ஆசை. ஐந்நூறு கன்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் ‘வானதி – தமிழ்மாறன்’ என்று சின்ன அட்டை கட்டி அனுப்பினோம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மண்டப மேனேஜர் போன் செய்தார். “சார், உங்க தோப்பு ஒண்ணு இங்க முளைச்சிருக்கு. மத்தியானம் அடுத்த பார்ட்டி வருது. எடுக்கலேன்னா குப்பை வண்டிதான்.”

போய்ப் பார்த்தால் நாற்காலிக்கு அடியில், கை கழுவுகிற இடத்தில், மாடிப்படியில், மாப்பிள்ளை உட்கார்ந்த சோபாவில்கூட ஒன்று. நானூற்றுப் பன்னிரண்டு கன்றுகள். தாம்பூலப் பை மருந்துக்குக்கூட ஒன்று மிச்சமில்லை. எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இராஜாங்கத்திடம் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் சீர்காழியிலிருந்து நௌஷாத் என்பவர் பேசினார். தங்கை நிக்காஹுக்கு நானூறு கொய்யாக் கன்று கிடைக்குமா என்றார். அவர் ‘கொய்’ என்று சொல்லும்போதே ‘ஆகட்டும்’ என்றுவிட்டேன். இது போனால் இடத்து வாடகையை ஐப்பசி வரைக்கும் ஓட்டிவிடலாம். மழை விழுந்தால் சனம் கன்று வாங்க வரும். அம்சமும் திருப்பூரில் நின்றுகொண்டு தூங்க வேண்டாம்.

அனுப்புவதற்கு முதல் நாள், அம்சம் உட்கார்ந்து கன்றுகளின் கழுத்திலிருந்த பழைய அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். வாசலில் மொபெட் சத்தம். இராஜாங்கம்! சம்பந்தி வீட்டில் வைக்க மாங்கன்று வேண்டுமாம். பேசிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். காலடியில் அவர் மகள் பெயர் கிடந்தது.

“எத்தனை?” என்றார்.

கரண்ட் போனால் ‘பத்து நிமிஷத்துல வந்துடும்’ என்று லட்சம் பொய் சொன்ன வாய் இது. அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. அம்சம்தான் எழுந்தார்.

“நானூத்திப் பன்னெண்டுங்க. நீங்க காசு குடுத்த கன்னு. சொன்னீங்கன்னா ஏத்தி விட்டுடுறேன். நாளைக்கி சீர்காழிக்கு நானூறு போவணும். போவலன்னா கடைய மூடுவாரு, நான் திருப்பூர் போவணும். அதையும் சொல்லிட்டேன்.”

இராஜாங்கம் கன்றுகளையே பார்த்தார். “ஒவ்வொருத்தர் கையிலயும் நானே குடுத்தேன் சார். நல்ல யோசனை, நல்ல யோசனைன்னாங்க.”

ஆறடி மனுஷர் நாலடியாகச் சுருங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு துண்டை விரித்து அம்சத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கத்திரிய வைங்கம்மா. எம்மவ பேர அறுக்க வேணாம். முடிச்ச அவிழ்ப்போம்.”

மூன்று பேரும் பொழுது சாயும்வரை அவிழ்த்தோம். அட்டைகளை அவர் சட்டைப் பையில் போட்டார். அது நிறைந்ததும் துண்டில் குவித்தார். ஒரு கன்றைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். “இலையில சுண்ணாம்பு தடவியிருக்கு பாருங்க. எம் மச்சான் வேலை!”

மாங்கன்றை மறந்துவிட்டார். மிச்சப் பன்னிரண்டை மட்டும், வாய்க்கால் கரையில் வைப்பதாகச் சொல்லி இரண்டு நடையில் கொண்டுபோனார்.

இந்தத் தடவையும் சொல்லாமல் அள்ளி வர எனக்குத் தெம்பில்லை. நௌஷாத்துக்குப் போன் செய்து, “தம்பி, மண்டபத்துல கன்னு மிஞ்சினா நான் எடுத்துக்கலாமா?” என்று கேட்டேன்.

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க? ஆசை ஆசையா கொண்டு போவாங்க! மிஞ்சினா தாராளமா எடுத்துக்குங்க.”

மறுநாள் சீர்காழி மண்டபத்தில் நானூறையும் இறக்கினோம். டிரைவர் கிளம்பப் போனார்.

“இருப்பா” என்றார் அம்சம். “விருந்து முடியட்டும். வண்டியப் பின்வாசல்ல போடு.”

நான் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஐப்பசிக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது.