மார்க்கர் தின்ற வரி

1.
இந்தக் கதை என்னுடையதல்ல. சித்தி சாப்பிட்டுக்கொண்டே சொன்னதைத் திருடினேன். சித்தி ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். பதினோராம் வகுப்புக்கு ஒரு பழைய நாவலைப் பாடமாக வைக்கலாம் என்று அவர் வாய் திறந்த நாளிலிருந்து, அங்கே யாரும் யாருடனும் நிம்மதியாக டீ குடிக்கவில்லை.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: "அந்தக் காலை வழக்கம்போல் விடிந்தது, ஆனால்"

வேண்டாம். விடியாத காலையை நான் பார்த்ததில்லை.

2.
பாடக்குழுவில் சித்தியையும் சேர்த்து ஐந்து பேர். தலைமையாசிரியைக்கு ஓட்டில்லை, அதிகாரம் மட்டும். புகார் கொண்டுவந்தவர் விளையாட்டு சார். நாவலில் ஆட்சேபகரமான வரிக்கு அடர்பச்சை மார்க்கர் பூசி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். ஜெராக்ஸில் பச்சையெல்லாம் கன்னங்கரேல் என்று விழுந்திருந்தது. ஆக, யாராலும் படிக்க முடியாத வரியைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதம்.

(நான் கதை கட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். அவ்வளவு திறமை எனக்கில்லை.)

"இதையெல்லாம் பசங்க படிக்கலாமா?" கறுப்பைக் காட்டினார் கணக்கு சார்.

"எதை சார்?" என்றார் சித்தி.

"வாயால சொல்ற மாதிரியா இருக்கு, டீச்சர்?"

(கணக்கு சாருக்குக் கற்பனை கிடையாது என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். மன்னிக்கவும்.)

3.
சித்தி தன் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை வாசித்தார்: "கணவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று, பல வருடங்களுக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள்."

"அவ்ளோதானா?" நூலகர் ஏமாற்றத்தை மறைக்கவில்லை.

கணக்கு சாருக்கு முகம் வெளுத்தது. "இதுக்கு நான் நினைச்சதே தேவல. இதை என் வீட்டுக்காரி படிச்சா என்ன ஆகறது?"

[இங்கே இலக்கியத்தின் பயன் குறித்து இரண்டு பத்தி இருந்தது. கணக்கு சார் ஒரே வரியில் முடித்துவிட்டதால் நீக்கினேன்.]

4.
நூலகரும் அறிவியல் டீச்சரும் வேண்டும் என்றார்கள். இரண்டு சார்களும் வேண்டாம் என்றார்கள். மிச்சம் சித்தி.

"நாவல் வேணும்னா திங்கட்கிழமை கை தூக்குங்க," என்று ஒரு தாளை நீட்டினார் தலைமையாசிரியை. "தூக்கினா இதுல கையெழுத்தும் போடுங்க. பெத்தவங்க யாராவது சண்டைக்கு வந்தா, பதினொண்ணாம் கிளாஸை வேற ஆள் பாத்துக்கட்டும். நீங்க ஆறாம் கிளாஸுக்குப் போயிடுங்க."

பன்னிரண்டு வருடமாக அந்தப் பதினோராம் வகுப்புதான் சித்தியின் ராஜ்யம்.

5.
முடிவு அ: சித்தி கை தூக்குகிறார். பலத்த கைதட்டல். (இருப்பதே ஆறு பேர். யார் தட்டுவது?)

முடிவு ஆ: கை தூக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை. (மழை எதற்கு?)

முடிவு இ: தூக்கப் போகும் நேரத்தில் சரியாக

6.
இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளின் மேலேயே வைத்துப் படித்தார்.

"என்னடா இது, ஒண்ணுல வீராங்கனை, ஒண்ணுல கோழை. மூணாவதுல உனக்கே தூக்கம் வந்துடுச்சா?"

"நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க சித்தி. அப்படியே எழுதிடறேன்."

"அடப்பாவி! கிளாஸ் போகப்போறது எனக்கா, உனக்கா?"

தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தார். நான் செருப்பு மாட்டும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"டேய், உன் தங்கச்சியோட பழைய ஆறாம் கிளாஸ் தமிழ்ப் புத்தகம் வீட்ல கிடக்குதா?"

"எதுக்கு சித்தி?"

"சும்மாதான்."

இதை நான் முடிவு என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. அதற்குள் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எனக்கு நேரமில்லை, பரண்மேல் ஏற வேண்டும்.