கமலவேணி பெரட்டுக்கு வந்த வருடங்கள்

1931-ஆம் வருடம் பிப்ரவரி மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, மலாயாவில் ரெங்கத்துக்குத் தெற்கே மூன்று மைலில் இருந்த ரப்பர்த் தோட்டத்தில், அதுவரை பத்திரிகைக் கதையில் மட்டுமே இருந்த கமலவேணி என்ற பெண், தன் பெயர் கூப்பிடப்பட்டதும் "வந்தாச்சுங்க" என்று பதில் சொன்னாள். காலைப் பெரட்டில் நடந்தது இது. பெரட்டு என்றால், விடியும் முன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசிப்பது; பதில் சொன்னவருக்கு அன்று வேலை உண்டு. அன்று மழை இல்லை. ரப்பர் விலை முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. பெயரைக் கூப்பிட்டவர் கிராணி சபாபதி. கமலவேணியை எழுதி வந்தவள் அவர் மனைவி தனலெட்சுமி. அந்த நேரத்தில் அவள் வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

தனலெட்சுமி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவள். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த மூன்றாம் வருடம், பொழுது போகாமல் ஒரு கதையை எழுதிச் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாள். பத்திரிகை ஆசிரியர் ராஜசேகரன் அதை உடனே போட்டார், அடுத்த வாரத்துக்கும் கேட்டார். அப்படிக் கேட்டது 1926-ல். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் ரயிலில் ஓர் அத்தியாயம் போகும், சனிக்கிழமை அச்சாகி வரும். எழுதுபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு மாது' என்று இருக்கும். அந்த மாது யார் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சபாபதி மட்டும் உண்மையிலேயே தெரியாதவர்போல் நடந்துகொண்டார். மனைவி எழுதியதில் ஒரு வரிகூட வாசிப்பதில்லை என்று வைத்திருந்தார். அது கோபத்தால் அல்ல, கூச்சத்தால்.

கதை இதுதான். கும்பகோணத்தில் பெரிய வீடு. சந்திரமோகன் என்கிற புருஷன், காணாமல்போன ஒரு மோதிரத்துக்காகக் கமலவேணியின் நடத்தையைச் சந்தேகப்பட்டு வீட்டை விட்டுத் துரத்துகிறான். அவள் அழுகிறாள். அதற்குப் பிறகு நாலரை வருடம் அழுதாள். பத்திரிகை எப்போதும் ஈரமாகவே வந்து சேரும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் அதை வாங்கி, துணி காயப்போடும் கயிற்றில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, பிறகு எழுத்துத் தெரிந்த காளியம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பெக்கோக்கிலிருந்து டொரத்தி என்ற, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவரின் மனைவி ஒரு தடவை கடிதம் எழுதினாள்: நாலு வருடமாகப் பார்க்கிறேன், இந்தப் பெண் ஒரு வேளை சோறு தின்றதாக நீங்கள் எழுதவில்லையே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்று. தனலெட்சுமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வாரம் கமலவேணிக்குச் சோறும் நெத்திலிச் சம்பலும் போட்டாள். அந்தச் சனிக்கிழமை கதை கேட்ட பெண்களில் யாருக்கும் இரவு வரை பசிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், தனலெட்சுமிக்கு அலுத்துப்போயிருந்தது. வியாழக்கிழமை விட்டால் அடுத்த வியாழக்கிழமை. நடுவில் அரிசி களைவது, துணி துவைப்பது, கிராணிக்கு வெந்நீர் போடுவது. அந்தக் கும்பகோணத்து வீட்டை இன்னொரு தடவை வர்ணிக்க வேண்டும் என்றால் கை ஓடவில்லை. 1931 ஜனவரி கடைசியில், வேறு வழி தெரியாமல், கமலவேணியை ஒரு ரயிலில் ஏற்றிவிட்டாள். ரயில் எங்கே போகிறது என்று அவளே யோசிக்கவில்லை. கும்பகோணத்தில் ஏறியவள் ரெங்கத்தில் எப்படி இறங்கினாள், நடுவில் ஒரு கடல் கிடக்கிறதே என்று கேட்பவர்கள் ரயில்வேக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே கிராணி செய்த தவறு ஒன்றும் உண்டு. வீட்டில் மேசை ஒன்று, மைக்கூடும் ஒன்று. பிப்ரவரி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேசையின் ஒரு பக்கம் சபாபதி அந்த மாதத்துப் பெரட்டுப் புத்தகத்தில் பெயர்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். மறு பக்கம் தனலெட்சுமி வாய்க்குள் முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முணுமுணுத்த பெயர் அவர் பேனாவில் இறங்கிவிட்டது. காளியம்மாவுக்கு அடுத்து கமலவேணி என்று எழுதி, மை ஒற்றி, புத்தகத்தை மூடினார். மறுநாள் எழுதியிருந்ததை வாசித்தார். வரிசையின் கடைசியிலிருந்து பதில் வந்தது.

விலை விழுந்ததிலிருந்து சதுப்புப் பக்கம் முந்நூறு மரங்களைப் பால் வெட்டாமல் விட்டிருந்தார்கள். பகல் பத்து மணிக்கு அந்த மரங்களில் பால் பிடிக்கக் கட்டிய முந்நூறு மங்குகளிலும் பால் நிறைந்து நின்றது. கங்காணி அர்ச்சுனன் போய்ப் பார்த்துவிட்டு, "அலமாக்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டையில் ஒரு காயம் இல்லை; நல்ல கை. ஸ்டோரில் பாலை நிறுத்துப் பார்த்த துரைக்குச் சந்தோஷம். யாருக்கும் அந்தப் பெயரை அடிக்க மனம் வரவில்லை. ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் அறைகள் லயத்தில் நிறையக் காலியாகக் கிடந்தன. கடைசி அறையிலிருந்து சாயங்காலம் புகை வர ஆரம்பித்தது. நீலக்கரைச் சேலை கட்டிய முதுகைப் பலர் பார்த்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தவர்கள், சாதாரண முகம்தான் என்றார்கள். வீட்டுக்கு வந்து சபாபதி விஷயத்தைச் சொன்னபோது தனலெட்சுமி, "அழறாளா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார். தனலெட்சுமிக்கு அது கொஞ்சம் நிம்மதியாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அந்தக் காலத்தில் மாதா மாதம் துரை ஒரு பட்டியல் கேட்பார். தங்களுக்கு ஒதுக்கிய மர வரிசையை, அதாவது நிரையை, முடிக்க முடியாதவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். பெயர் ஏறியவர்களுக்கு நாகப்பட்டினத்துக்குக் கப்பல். வெள்ளையம்மாவுக்கு வலது காலில் ஆறாத புண். பாதி நிரைக்கு மேல் அவளால் நடக்க முடியாது. இரண்டு வயதில் மலாயாவுக்கு வந்தவள். பெற்றவர்களும் இல்லை, கட்டியவனும் இல்லை. கப்பலில் ஏற்றினால் எந்த ஊரில் இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியாது. மார்ச் மாதத்திலிருந்து, கமலவேணி தன் முந்நூறையும் முடித்துவிட்டு, வெள்ளையம்மாவின் மீதி மரங்களையும் வெட்டிக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. பட்டியலில் வெள்ளையம்மாவின் பெயர் ஏறவில்லை.

1932 செப்டம்பரில் ஆசிரியர் ராஜசேகரனிடமிருந்து கடிதம் வந்தது. 'சகோதரி அவர்களுக்கு, தங்கள் கதாநாயகி ரயிலேறியபின் ஒரு காடு, ஒரு குடிசை, ஒரு கோயில் என்று சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு ஸ்திரீ ஒன்று புருஷனிடம் திரும்ப வேண்டும், அல்லது உயிர் விட வேண்டும். இரண்டும் செய்யாமல் இத்தனை நாள் இருப்பதை வாசகர்களால் சகிக்க முடியவில்லை. தீபாவளிக்கு முன் முடிக்கவும்.' வாசித்ததும் தனலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. முடித்துவிடலாம், கொன்றுவிடலாம், அப்புறம் வியாழக்கிழமைகளில் படுத்துத் தூங்கலாம் என்று நினைத்தபோது உடம்பே லேசாயிற்று.

எப்படியோ செய்தி லயத்துக்குப் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் வெள்ளையம்மா நொண்டிக்கொண்டே வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"கிராணியம்மா, அந்தப் பொண்ண சாகடிக்கப் போறீங்களாமே?"

"கதைதானே வெள்ளையம்மா. ஆறு வருஷமாச்சு, என்னால முடியல."

"கதையா இருந்தா எனக்கென்னங்க? அவ இல்லன்னா இந்த மாசமே நான் கப்பல்ல. அங்க எனக்கு யாருங்க இருக்கா?"

"அப்ப புருஷன்கிட்ட அனுப்பிடறேன். உசுரோட இருப்பா."

"அங்க போனாலும் இங்க இல்லைதானே. அதுவும் அந்த ஆளுகிட்டயா? மோதிரத்துக்காகப் பொண்டாட்டியத் தொரத்துனவன்கிட்டயா?"

தனலெட்சுமிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எல்லாரும் எங்கிட்டயே கேக்கறீங்க. அவளத் தொரத்தணும், அழ வைக்கணும், சோறு போடணும், உனக்கு மரம் வெட்டணும். நான் யாருகிட்ட போய் நிக்கறது?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளையம்மா காலை நீட்டி, புண்ணில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

அந்த வியாழக்கிழமை தனலெட்சுமி காகிதத்தை எடுத்து வைத்தாள். கமலவேணி ஆற்றில் இறங்கினாள் என்று எழுதி அடித்தாள். கமலவேணி கும்பகோணத்துக்கு டிக்கெட் வாங்கினாள் என்று எழுதி அடித்தாள். பிறகு மைக்கூட்டை மூடிவிட்டாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக ரயில் அத்தியாயம் இல்லாமல் போனது. மறு வியாழனும் அப்படியே. ராஜசேகரன் இரண்டு தந்தி கொடுத்துப் பார்த்துவிட்டு, முடிவைத் தாமே எழுதி, அதே 'ஒரு மாது' பெயரில் அச்சடித்தார். அதில் மோதிரம் அரிசிப் பானையில் கிடைக்கிறது. சந்திரமோகன் மனம் திருந்தி, மனைவியைத் தேடிப் புறப்படுகிறான். அவள் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். சுபம். அந்தச் சனிக்கிழமை பத்திரிகை சுத்தமாக உலர்ந்து வந்தது. காளியம்மா வாசித்து முடித்ததும் பெண்கள் எழுந்து அவரவர் அறைக்குப் போனார்கள். மாதப் பட்டியல் திங்கட்கிழமை துரையிடம் போக வேண்டும். வெள்ளையம்மா தன் இரண்டு சேலையையும் மடித்து மூட்டை கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் சந்திரமோகன் ரெங்கத்தில் வந்து இறங்கினான். தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம், முறுக்கிய மீசை, சரிகை அங்கவஸ்திரம், எல்லாம் தனலெட்சுமி ஆறு வருடத்துக்கு முன் கொடுத்தவை. ஸ்டேஷனிலேயே படுத்திருந்துவிட்டு, திங்கட்கிழமை பெரட்டுக்கு வந்து சேர்ந்தான். விஷயம் கேள்விப்பட்டுத் தனலெட்சுமியும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனாள். அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. விளக்கு வெளிச்சத்தில் கமலவேணியைப் பார்த்தாள். தான் எழுதியதைவிடக் குள்ளமாக இருந்தாள். ஒற்றைக்கல் மூக்குத்தி இல்லை. விரலெல்லாம் பால் காய்ந்து கறுத்திருந்தது. ஒரு கையில் வாளி, இடுப்பில் உளி. தனலெட்சுமியைப் பார்த்தாள், யாரோ ஒரு அம்மா என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அது தனலெட்சுமிக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

சபாபதி பெயர் வாசித்தார். காளியம்மா. வந்தாச்சுங்க. அடுத்த பெயருக்கு முன் சந்திரமோகன் நடுவில் வந்து நின்றான்.

"என் தர்மபத்தினியை அழைத்துப்போக வந்திருக்கிறேன். முடிவு அச்சாகிவிட்டது" என்று மடியிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினான்.

சபாபதி அதை வாங்கவில்லை. இத்தனை வருடம் வாசிக்காதவர் அன்றைக்கா வாசிக்கப் போகிறார்? பெரட்டுப் புத்தகத்தை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மேலும் கீழும் விரல் வைத்துப் பார்த்தார். "உங்க பேரு இதுல இல்லைங்க. பேரு இல்லாத ஆளு தோட்டத்துல நிக்கக் கூடாது. பேரு இருக்கற ஆளு போகணும்னா ஒரு மாசம் முன்னாடி அவங்களே வந்து எங்கிட்ட சொல்லணும். இந்தப் பொண்ணு எதுவும் சொல்லலையே" என்றார். வாழ்நாளில் கடிகாரச் சங்கிலி போட்ட ஒருவரிடம் அவர் இப்படிப் பேசியதில்லை. பிறகு புத்தகத்தைப் பார்த்து, "கமலவேணி" என்று கூப்பிட்டார்.

வெள்ளையம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்தாச்சுங்க" என்றாள் கமலவேணி. புருஷனைப் பார்த்து, "வெயில் ஏறுனா பால் நின்னுடும். வழிய விடுங்க" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்ற பெண்களும் பின்னால் போனார்கள். அர்ச்சுனன் கங்காணி சந்திரமோகனுக்கு ஒரு குவளை கட்டன்காப்பி கொடுத்து, பதினொரு மணி ரயிலுக்கு மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். போகிற வழியில் அவன் அழுததாகவும், வண்டி மெத்தை ஈரமாகிவிட்டதாகவும் வண்டிக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். அந்த மாதத்துப் பட்டியலில் வெள்ளையம்மாவின் பெயர் இல்லை.

ராஜசேகரன் அடுத்த வாரமே புதுத் தொடர் ஆரம்பித்தார். அதை எழுதியது ஓர் ஆண் என்றும், பெயர் மட்டும் 'ஒரு மாது' என்றும் பேசிக்கொண்டார்கள். தனலெட்சுமி வாங்கிப் பார்க்கவில்லை. முதல் வியாழக்கிழமை மத்தியானம் பாயை விரித்துப் படுத்தவள், சனிக்கிழமை காலையில்தான் எழுந்தாள். சபாபதி இரண்டு நாளும் தானே சோறு வடித்துக்கொண்டார். 1934-ல் விலை ஏறியது, பட்டியல் கேட்பது நின்றது. வெள்ளையம்மாவின் கால் ஆறிவிட்டது. புதிய கிராணிகள் வந்தபோதும், மாதா மாதம் புத்தகம் பிரதி எடுக்கப்பட்டபோதும், கமலவேணி என்ற பெயர் விடுபடவில்லை.

சபாபதி அங்கே கிராணியாக இருந்தபோதே ஒரு நாள் வெள்ளையம்மா பின்வாசலில் வந்து உட்கார்ந்து, "கிராணியம்மா, அப்புறம் கமலவேணிக்கு என்ன ஆகுமுங்க?" என்று கேட்டாள்.

தனலெட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாது வெள்ளையம்மா. இப்ப ஸ்டோர்ல பால் ஊத்திட்டு இருப்பா. அவளையே கேளு."

வெள்ளையம்மாவுக்கு அது சரியென்று பட்டது. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கேட்டு வரப் போனாள்.